ஃபைபர் இருந்தும் படம் நின்று நின்று ஓடுகிறதா? புது ரூட்டர் வாங்குவதற்கு முன் அறிகுறி பார்த்துப் பிழை நீக்குவது

அக்கா வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு போட்டார்கள். முதல் இரண்டு மாதம் எந்தக் குறையும் இல்லை. அப்புறம் ராத்திரி படம் பார்க்க உட்கார்ந்தால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரை நடுவில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. "நல்ல ரூட்டரா ஒண்ணு பார்த்துச் சொல்லு தம்பி, வாங்கிடலாம்" என்று அக்கா போன் செய்தார். போய்ப் பார்த்தேன். புதிதாக வாங்கிய ஷோகேஸைச் சுவரோடு ஒட்டித் தள்ளியிருந்தார்கள். அதன் பின்னால் ஃபைபர் ஒயர் கூராக மடங்கி நசுங்கிக் கிடந்தது. ஷோகேஸை நான்கு விரல் அளவு முன்னால் இழுத்து, ஒயரைப் பெரிய வளையமாகத் தளர்த்திவிட்டேன். அன்று இரவே படம் தடையில்லாமல் ஓடியது. ரூட்டர் வாங்கியிருந்தால் பணம் போயிருக்கும், பிழை அங்கேயே இருந்திருக்கும்.

அதனால்தான் இதை ரூட்டர் பட்டியலாக எழுதாமல் அறிகுறியிலிருந்து தொடங்கி எழுதுகிறேன். எந்த ரூட்டர் வாங்கலாம் என்பதும் கடைசியில் வருகிறது. ஆனால் கீழே சொல்லும் அறிகுறிகளில் பாதிக்குமேல் புது ரூட்டரால் தீராதவை.

ஒரு விஷயத்தை மட்டும் முதலில் தெரிந்துகொள்ளுங்கள். வீடியோ ஆப் எதுவும் படத்தை ஒரே ஓட்டமாக இழுப்பதில்லை. சில விநாடி நீளமுள்ள துண்டுகளாக இறக்கி, கொஞ்சம் கையிருப்பு வைத்துக்கொண்டு ஓட்டுகிறது. மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டி மாதிரிதான். மோட்டார் சிறிது நேரம் நின்றாலும் குழாயில் தண்ணீர் வரும். தொட்டி காலியானால்தான் நிற்கும். ஆகவே நமக்கு வேண்டியது பெரிய வேகம் இல்லை, சீரான வரத்து. நெட்ஃபிளிக்ஸ் முழு எச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ் போதும் என்கிறது. யூடியூப் 4கே வீடியோவுக்கு 20 எம்பிபிஎஸ் கேட்கிறது. வீட்டில் மூன்று டிவியில் ஒரே நேரத்தில் 4கே ஓடினாலும் 60தான் ஆகும். 100 பிளான் வைத்திருப்பவருக்குப் படம் நிற்கிறது என்றால் பிளான் போதாமல் அல்ல, வழியில் எங்கோ வரத்து அறுபடுகிறது என்று பொருள்.

எங்கே அறுபடுகிறது என்பதைப் பத்து நிமிடத்தில் பிரித்துவிடலாம். ஒரு லேப்டாப்பை லேன் கேபிளால் நேராக மோடத்தில் செருகி, வைஃபையை அணைத்துவிட்டு, ஃபாஸ்ட் டாட் காம் தளத்தில் வேகம் பாருங்கள். அது நெட்ஃபிளிக்ஸ் நடத்தும் தளம்; படம் வருகிற அதே சர்வர்களிலிருந்தே அளக்கிறது. அடுத்து மோடம் இருக்கும் அறையிலேயே நின்று போனில் வைஃபை வழியாக ஒரு அளவு. மூன்றாவது, டிவி இருக்கும் இடத்தில், முடிந்தால் டிவியின் பிரவுசரிலேயே ஒரு அளவு. மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதுங்கள். பிரச்சினை வருகிற நேரத்திலேயே அளக்க வேண்டும். காலை பத்து மணிக்கு அளந்து பயனில்லை. முதல் எண்ணே மோசம் என்றால் கோளாறு லைனில். முதலாவது நன்றாக இருந்து இரண்டாவது விழுந்தால் வைஃபை தரும் பெட்டியில். மூன்றாவது மட்டும் விழுந்தால் தூரம், சுவர், அல்லது டிவி.

"நெட் மொத்தமாகப் போய்ப் போய் வருகிறது"

நாம் மோடம் என்று சொல்லும் பெட்டிக்கு ஃபைபர்காரர்கள் ஓஎன்டி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதில் பிஓஎன் என்றொரு விளக்கும் எல்ஓஎஸ் என்றொரு விளக்கும் இருக்கும். பிஓஎன் நிலையாக எரிய வேண்டும், எல்ஓஎஸ் அணைந்திருக்க வேண்டும். எல்ஓஎஸ் சிவப்பாக மின்னினால் ஒளியே வந்து சேரவில்லை; ஒயர் எங்கோ அறுந்திருக்கிறது அல்லது கழன்றிருக்கிறது. பிஓஎன் மின்னிக்கொண்டே இருந்தால் ஒளி வருகிறது, ஆனால் நிறுவனத்தின் அலுவலகத்தில் உள்ள எதிர்முனைக் கருவி நம் பெட்டியை இன்னும் சேர்த்துக்கொள்ளவில்லை.

இரண்டும் சரியாக இருந்தும் விட்டு விட்டுப் போவதுதான் சங்கடம். அக்கா வீட்டில் நடந்தது அதுதான். ஒளி வருகிறது, போதிய அளவு வரவில்லை. இதை வீட்டிலிருந்தே பார்க்கலாம். பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.100.1 என்று அடித்தால் மோடத்தின் பக்கம் திறக்கும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் பெரும்பாலும் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும். உள்ளே ஆப்டிகல் அல்லது பிஓஎன் என்ற பகுதியில் ஆர்எக்ஸ் பவர், அதாவது வந்து சேரும் ஒளியின் அளவு, என்று ஒரு மைனஸ் எண் காட்டும். வீடுகளில் பரவலாக உள்ள ஜிபான் (ஒரே ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பங்கிடும் முறை) பெட்டிகளுக்கு மைனஸ் 8 முதல் மைனஸ் 27 டிபிஎம் (ஒளியளவின் அலகு) வரை வேலை செய்யும் எல்லை. சுழியத்துக்கு அருகில் வர வர ஒளி அதிகம். 3 டெசிபல் குறைந்தால் ஒளி பாதியாகிவிட்டது என்று கணக்கு. மைனஸ் 20ஐ ஒட்டி இருந்தால் நிம்மதி. மைனஸ் 26, 27 என்று காட்டினால் விளிம்பில் நிற்கிறது. கொஞ்சம் மழை, கொஞ்சம் காற்று போதும், அறுந்துவிடும்.

வீட்டுக்குள் நாம் செய்யக்கூடியது ஒன்றுதான்: மடிப்பை எடுப்பது. பழைய வகை ஃபைபர் 30 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் குறைவாக வளையக் கூடாது. வளைவு தாங்கும் புது வகைகள் 10, 7.5 மில்லிமீட்டர் வரை பொறுக்கும். கண்ணால் பார்த்து எந்த வகை என்று சொல்ல முடியாது. அதனால் மிச்ச ஒயரைச் சுற்றி வைக்கும்போது சாப்பாட்டு மேசைத் தண்ணீர் டம்ளரின் வாயைவிடச் சின்ன வளையமாக வைக்காதீர்கள். ஆணியில் கட்டித் தொங்கவிட வேண்டாம், கதவு இடுக்கில் விட வேண்டாம்.

ஒயர் நுனியில் பச்சை நிறம் என்றால் அதன் முகம் 8 டிகிரி சாய்வாகச் சீவப்பட்டது. நீலம் என்றால் சாய்வில்லாதது. பச்சையை நீலத்தோடு சேர்த்தால் முகங்கள் ஒட்டாமல் ஒளி வீணாகும். அவசரத்தில் கிடைத்ததைப் போட்டுவிட்டுப் போயிருக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். ஒரு எச்சரிக்கை: கழற்றிய ஃபைபர் நுனியைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்காதீர்கள். அதில் வருவது 1490 நானோமீட்டர் லேசர், கண்ணுக்குத் தெரியாது. நுனியை வேட்டியிலோ சட்டையிலோ துடைப்பதும் கூடாது.

மற்றதெல்லாம் வெளியே: கம்பத்துப் பெட்டியில் மழைத் தண்ணீர், அணில் கடித்த ஒயர், லாரி இழுத்துவிட்டுப் போன கேபிள். அதை லைன்மேன்தான் பார்க்க வேண்டும். அவரிடம் "ஸ்லோவா இருக்கு" என்று சொல்வதற்கும் "ஆர்எக்ஸ் பவர் மைனஸ் 28 காட்டுது" என்று சொல்வதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. எண்ணைச் சொன்னால் எதை எடுத்துக்கொண்டு வர வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

"போனில் நன்றாக ஓடுகிறது, டிவியில் மட்டும் சுற்றுகிறது"

அதிகம் வரும் புகார் இது. பலர் புது ரூட்டர் வாங்குவதும் இதற்காகத்தான், ஆனால் காரணம் பெரும்பாலும் டிவிப் பக்கம் இருக்கிறது.

டிவியின் நெட்வொர்க் அமைப்பில் போய் அது எந்த அலைவரிசையில் சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், ஆனால் நெரிசல் மிகுந்தது. பக்கத்து வீட்டு வைஃபை, ப்ளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதிலேயே இருக்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டத் திணறும், ஆனால் அகலமான, காலியான வழி. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் போன் சமர்த்தாக 5க்கு மாறிக்கொள்ளும்; டிவி பல நேரம் 2.4ஐயே பிடித்துக்கொண்டு விடாது. ரூட்டர் அமைப்பில் இரண்டுக்கும் வேறு வேறு பெயர் வைத்து, டிவியில் பழைய பெயரை மறக்கச் செய்து, 5இல் மட்டும் சேருங்கள்.

5 கிகாஹெர்ட்ஸ் பெயரே டிவியில் தெரியவில்லையா? இரண்டு காரணம் இருக்கலாம். விலை குறைந்த சில டிவிகளிலும், டிவியின் எச்டிஎம்ஐ ஓட்டையில் செருகிப் படம் பார்க்கும் பழைய ஸ்டிக்குகளிலும் 2.4 மட்டும்தான் உண்டு. இன்னொன்று, ரூட்டர் 52 முதல் 144 வரையிலான சேனல் ஒன்றில் இருக்கலாம். அந்தச் சேனல்களில் ரேடாரும் இயங்குவதால் எல்லாக் கருவிகளும் அவற்றைத் தேடுவதில்லை. ரேடார் சிக்னல் காதில் விழுந்தால் ரூட்டரும் சேனலைவிட்டு விலகிக்கொள்ளும், அப்போதும் படம் அறுபடும். தானியங்கி என்பதை எடுத்துவிட்டு 36 முதல் 48க்குள் அல்லது 149க்கு மேல் ஒன்றைக் கையால் வையுங்கள்.

ஸ்டிக் வைத்திருப்பவர்கள் அது எங்கே தொங்குகிறது என்று பாருங்கள். டிவியின் முதுகில், உலோகத் தகட்டுக்கும் சுவருக்கும் நடுவே அடைந்து கிடந்தால் சிக்னல் எப்படி வரும்? பெட்டியோடு ஒரு குட்டி எச்டிஎம்ஐ நீட்டிப்பு ஒயர் வந்திருந்தால் அதைப் போட்டு வெளியே எட்டிப் பார்க்கும்படி வையுங்கள். மின்சாரத்தையும் டிவியின் யுஎஸ்பி ஓட்டையிலிருந்து எடுக்காமல் அதனுடன் வந்த அடாப்டரிலிருந்து கொடுங்கள். டிவியில் யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க் செருகியிருந்தால் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். அதன் ஒயர் வெளியிடும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் மீதே விழுகிறது.

இத்தனையையும் ஒரே அடியில் தீர்க்கும் வழி ஒன்று உண்டு. மோடம் டிவிக்குப் பக்கத்தில் இருந்தால் ஒரு லேன் கேபிள் போட்டுவிடுங்கள். பல டிவிகளில் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான், வைஃபையில் அதைவிட அதிகம் காட்டும் என்று தயங்க வேண்டாம். 4கே படத்துக்கு 15, 20 போதும் என்று மேலே பார்த்தோம். கேபிள் கொடுக்கும் 94, அசையாத 94.

"சினிமா ஓடுகிறது, கிரிக்கெட் நேரலை மட்டும் நிற்கிறது"

தொட்டி உவமை இங்கே முழுசாகப் பொருந்தும். சினிமா ஏற்கெனவே சர்வரில் இருக்கிறது. ஆப் முன்கூட்டியே நிறைய இறக்கி வைத்துக்கொள்ளலாம். நேரலையில் இன்னும் போடாத பந்தை எப்படி இறக்க முடியும்? தொட்டி சின்னது. பத்து விநாடித் தடங்கல் சினிமாவில் தெரியவே தெரியாது, நேரலையில் அப்பட்டமாகத் தெரியும். ஆகவே நேரலை மட்டும் நிற்கிறது என்றால் உங்கள் வைஃபையில் சின்னச் சின்ன வெட்டுகள் இருக்கின்றன என்று சந்தேகப்படலாம்.

சோதித்துப் பார்க்க எளிய வழி: டிவி பக்கத்தில் லேப்டாப்பை வைத்து வைஃபையில் சேர்த்து, இரண்டு கருப்புத் திரைகளில் (விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்ட்) பிங் கட்டளையை ஓடவிடுங்கள், ஒன்று 192.168.1.1க்கு (மோடத்தின் பக்கம் வேறு எண்ணில் திறந்தால் அந்த எண்ணுக்கு), இன்னொன்று கூகுளின் சர்வரான 8.8.8.8க்கு. பதில் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அது காட்டும். முதலாவது உங்கள் வீட்டுப் பெட்டி. அதற்கே நேரம் 3 மில்லி விநாடியிலிருந்து 300க்குத் தாவித் தாவிப் போனால் குற்றவாளி வைஃபை. வீட்டுப் பெட்டிக்கு நிதானமாக இருந்து 8.8.8.8 மட்டும் தாவினால் லைன். யூடியூபில் இன்னொரு வசதி: வீடியோ அமைப்பில் ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ் என்பதை இயக்கினால் கையிருப்பு எத்தனை விநாடி என்று ஓடிக்கொண்டே காட்டும். அந்த எண் மெல்ல மெல்ல வற்றுகிறதா, திடீரென்று சரிகிறதா என்று பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

"மோடம் பக்கத்தில் சரி, உள்ளறையில் இல்லை, மாடியில் சுத்தமாக இல்லை"

நம் ஊர் வீடுகளில் ஃபைபர் எங்கே முடிகிறது என்று யோசித்துப் பாருங்கள். லைன்மேன் தெருப்பக்கச் சுவரில் துளை போடுகிறார், அதற்கு உட்புறம் எங்கே பிளக் பாயின்ட் இருக்கிறதோ அங்கே பெட்டி. எங்கள் பழைய வீடு தஞ்சாவூர்ப் பக்கத்து நீள வீடு: திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கடைசியில் அடுக்களை. மோடம் ரேழியில், டிவி கூடத்துக்கு அப்பால். நடுவே ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் இரண்டு, இரும்பு பீரோ ஒன்று. எவ்வளவு விலையுயர்ந்த ரூட்டரும் அந்த ரேழியிலேயே இருந்தால் இந்த வீட்டில் தோற்கும்.

எனவே முதல் வேலை இடமாற்றம். வீட்டு நடுவில், தலைக்கு மேல் உயரத்தில், திறந்தவெளியில். மர அலமாரிக்குள், குளிர்பதனப் பெட்டி மேல், டிவிக்குப் பின்னால், நிலைக்கண்ணாடிக்கு அருகில் வேண்டாம். உலோகமும் கண்ணாடியின் ரசப்பூச்சும் அலையைத் திருப்பிவிடும். கான்கிரீட் தளத்துக்குள் கம்பி வலை இருப்பதால் கீழ்த்தளத்து வைஃபை நேராக மேலே ஏறாது. மாடிப்படி வழியாக ஏறும். அதனால் இரண்டு தளத்துக்கும் ஒரே பெட்டிதான் என்றால் படிக்கட்டின் அடியில் வைப்பது நல்ல யோசனை.

மோடத்தை நகர்த்த ஃபைபரை நீட்ட வேண்டாம். அதை இருக்கும் இடத்திலேயே விட்டு, அங்கிருந்து கேட் 6 கேபிள் ஒன்றை உள்ளே இழுத்து, அதன் முனையில் புது ரூட்டரை வையுங்கள். இங்கேதான் ரூட்டர் வாங்குவது உண்மையிலேயே பலன் தருகிறது. கூடத்தில் ரூட்டர் வைத்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் அடுக்களை வரை படம் ஓடுகிறது.

கேபிள் இழுக்க முடியாது, ரிப்பீட்டர் போடலாமா என்று கேட்பார்கள். ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் வேகத்தைப் பாதியாக்கிவிடும், தாமதத்தையும் கூட்டும். அதைச் சிக்னல் செத்த இடத்தில் வைப்பது இன்னொரு தவறு. கிடைக்காத சிக்னலை அது எப்படிப் பெருக்கும்? மோடத்துக்கும் டிவிக்கும் பாதி வழியில் வைக்க வேண்டும். ஒரே வைஃபையாகச் சேர்ந்து இயங்கும் மெஷ் பெட்டி ஜோடி இதைவிட மேல். ஆனால் மெஷ் பெட்டிகளையும் கேபிளால் இணைத்தால்தான் அவற்றின் முழு பலம் தெரியும். வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: கரண்டுக்குக் குழாய் பதிக்கும்போது ஒவ்வொரு டிவிச் சுவருக்கும் ஒரு காலிக் குழாய் சேர்த்துப் போட்டுவிடுங்கள். பின்னால் அதற்கு ஈடான ரூட்டர் கிடையாது.

"300 பிளான் போட்டும் 94ஐத் தாண்டவில்லை"

94, 95 என்ற எண்ணைக் கண்டால் உடனே சொல்லிவிடலாம்: வழியில் எங்கோ ஒரு 100 எம்பிபிஎஸ் போர்ட் அல்லது கெட்ட கேபிள். பெட்டியில் 1200 என்று பெரிதாக அச்சிட்டிருக்கும் சில மலிவு ரூட்டர்களில் பின்பக்க லேன் போர்ட்டுகளும், இணையம் உள்ளே வரும் வேன் (WAN) போர்ட்டும் 100தான். 1200 என்பது இரண்டு வைஃபை அலைவரிசைகளையும் கூட்டிய ஏட்டுக் கணக்கு, 300உம் 867உம். போர்ட் வழியாக 94க்கு மேல் உள்ளே வரவே முடியாதபோது அது எதற்கு உதவும்?

போர்ட் கிகாபிட் என்று உறுதியானால் கேபிளைப் பாருங்கள். கிகாபிட்டுக்கு உள்ளே இருக்கும் நான்கு ஜோடி ஒயரும் வேண்டும். ஒரு ஜோடி அறுந்தாலும் இரண்டு ஜோடியில் ஓடும் 100க்கு இறங்கிவிடும், சத்தமில்லாமல். கடையில் கேட்கும்போது முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கேபிள்கள் மலிவு, சீக்கிரம் முறியும்.

"ராத்திரி எட்டு மணிக்கு மேல் மட்டும்"

இதில் இரண்டு நோய்கள் ஒரே முகத்தோடு வருகின்றன. ஒன்று தெரு நெரிசல்: ஜிபான் முறையில் இறங்குவழி (டவுன்லோடு) 2.488 ஜிபிபிஎஸ், அதை ஸ்ப்ளிட்டர் வைத்து 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிக்கிறார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பார்த்தாலும் வீடியோவுக்கு அது போதும். பெரும்பாலும் முட்டுவது அதற்குப் பின்னால், நிறுவனம் வாங்கி வைத்திருக்கும் இணைப்பில். இரண்டாவது, அக்கம்பக்கத்து வைஃபை நெரிசல். எட்டு மணிக்கு அடுக்ககம் முழுவதும் டிவி போட்டால் 2.4இல் 1, 6, 11 என்ற ஒன்றோடொன்று மோதாத மூன்றே சேனல்களை இருபது வீடுகள் பங்கு போடுகின்றன.

பிரித்தறிய அதே லேன் கேபிள் சோதனை, இரவு ஒன்பது மணிக்கு. கேபிளிலும் விழுந்தால் நிறுவனம். நாள், நேரம், எண்ணோடு ஒரு வாரம் எழுதி வைத்துப் புகார் கொடுங்கள், தீரவில்லை என்றால் வேறு இணைப்பு. ரூட்டர் மாற்றிப் பயனில்லை. கேபிளில் நன்றாக இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள். மாதக் கடைசியில் மட்டும் மெதுவாகிறது என்றால் டேட்டா அளவு தீர்ந்திருக்கும். 4கே படம் மணிக்குச் சுமார் 7 ஜிபி இழுக்கும்.

"யாராவது போட்டோ ஏற்றினால் படம் நிற்கிறது"

போன் சார்ஜ் போட்டவுடன் போட்டோ பேக்கப் ஓடும். கண்காணிப்புக் கேமரா கிளவுடுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். ஏறுவழி (அப்லோடு) நிரம்பிவிட்டால், "இந்தத் துண்டு வந்துவிட்டது, அடுத்ததை அனுப்பு" என்று டிவி சொல்லும் சின்னச் செய்திகூட ரூட்டரின் வரிசையில் பின்னால் நிற்க வேண்டியதாகிறது. இறங்குவழி காலியாக இருந்தும் படம் தவிக்கும். இதற்கு பஃபர்ப்ளோட் என்று பெயர். ஏறுவழி குறைந்த பிளான்களில் இது நன்றாகவே தெரியும்.

மருந்து எஸ்கியூஎம் என்ற வசதி. எஃப்கியூ கோடெல், கேக் என்ற முறைகளால் ஒவ்வொரு தரவு ஓட்டத்துக்கும் தனி வரிசை போட்டு, சின்னச் செய்திகளை முன்னால் விடுகிறது. ஓப்பன்டபிள்யூஆர்டி மென்பொருள் ஏற்றக்கூடிய ரூட்டர்களில் இலவசமாகக் கிடைக்கும். ஏறுவழி வேகத்தில் சுமார் 90 சதவீதத்தை எல்லையாக வைத்துத் தொடங்கலாம். அதெல்லாம் வேண்டாம் என்றால் பேக்கப்பை நள்ளிரவுக்குத் தள்ளுங்கள்.

"நிற்கவில்லை, ஆனால் மங்கலாக இருக்கிறது"

இங்கே நெட்டை விட்டுவிட்டுச் சந்தாவைப் பாருங்கள். நெட்ஃபிளிக்ஸின் இந்திய மொபைல் சந்தாவில் படத் தெளிவு 480பி வரைதான், பேசிக்கில் 720பி வரைதான். 4கே வேண்டும் என்றால் பிரீமியம். போனிலோ டிவி பாக்ஸிலோ வைடுவைன் என்ற காப்பித் தடுப்புப் பூட்டின் எல்1 அனுமதி இல்லாமல் எல்3 மட்டும் இருந்தாலும் எச்டி கிடைக்காது. ஸ்டிக்கை டிவியில் எச்டிசிபி 2.2 (எச்டிஎம்ஐ வழிக் காப்பித் தடுப்பு) இல்லாத எச்டிஎம்ஐ ஓட்டையில் செருகியிருந்தால் 4கே வராது. எந்த ரூட்டரும் இதை மாற்றாது.

"ஒரு ஆப் மட்டும் வேலை செய்யவில்லை"

மற்றவை ஓடி, ஒன்று மட்டும் தடுமாறினால் முதலில் அந்த ஆப்பை அப்டேட் செய்து, டிவியைப் பிளக்கிலிருந்து பிடுங்கி ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். பிறகு டிஎன்எஸ்ஸை, அதாவது தளத்தின் பெயரை முகவரி எண்ணாக மாற்றித் தரும் சேவையை, 8.8.8.8 என்று மாற்றிப் பார்க்கலாம். சரியாகவில்லை என்றால் திருப்பிப் பழையபடி வைத்துவிடுங்கள். வீடியோ நிறுவனங்கள் படங்களின் பிரதியை நம் இணைய நிறுவனத்தின் கூடத்திலேயே வைத்திருப்பது உண்டு. வெளி டிஎன்எஸ் சில நேரம் தூரத்துப் பிரதிக்கு அனுப்பிவிடும். பயனர் பெயர், கடவுச்சொல் போட்டு இணையும் பிபிபிஓஇ இணைப்பில் தனி ரூட்டர் வைத்திருந்தால் எம்டியூ (ஒரு தரவுப் பொட்டலத்தின் உச்ச அளவு) 1492 என்று இருக்கிறதா என்றும் பாருங்கள்.

"ஆஃப் செய்து ஆன் செய்தால் இரண்டு நாள் நன்றாக ஓடுகிறது"

இது சூடு அல்லது அடாப்டர். மூடிய அலமாரிக்குள், அக்னி நட்சத்திர வெயிலில், பெட்டியைத் தொட முடியாத அளவு கொதித்தால் அது தானாகவே திணறும். திறந்த இடத்துக்கு மாற்றுங்கள், சுவரில் செங்குத்தாக மாட்டுங்கள். பல பெட்டிகள் 12 வோல்ட். ஒன்றிரண்டு வருடத்தில் அடாப்டர் தளர்ந்து, படம் ஓடும் சுமையில் பெட்டி தானாக ரீஸ்டார்ட் ஆகும். அதே வோல்ட், அதே அல்லது கூடுதல் ஆம்பியர், அதே முனை உள்ள அடாப்டர் ஒன்றைக் கடன் வாங்கிச் சோதித்துப் பாருங்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுக்கும் அந்தக் கணத்தில் பெட்டி அணைந்து எழுந்தால், 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று போதும்.

இத்தனைக்கும் பிறகு ரூட்டர்தான் வேண்டும் என்றால்

பெட்டியின் பின்பக்கத்தை முதலில் பாருங்கள், முன்பக்கத்து எண்ணை அப்புறம். எல்லாப் போர்ட்டும் கிகாபிட் என்று எழுதியிருக்க வேண்டும். வேன் போர்ட் லேன் கேபிள் அகலத்தில் இருக்க வேண்டும்; தொலைபேசி ஒயர் செருகும் சின்ன ஓட்டை உள்ளது பழைய டிஎஸ்எல் மோடம், ஃபைபருக்கு உதவாது. நேராக ஃபைபர் செருகும் ரூட்டர்களும் விற்கிறார்கள். ஆனால் எதிர்முனைக் கருவி ஓஎன்டியின் வரிசை எண்ணைப் பார்த்துத்தான் அனுமதிக்கும், ஆகவே நிறுவனத்திடம் கேட்காமல் வாங்க வேண்டாம்.

வைஃபை 6 போதும். பல கருவிகள் ஒரே நேரத்தில் இருக்கும் வீட்டில் அதன் பயன் தெரியும். ஏஎக்ஸ்1500 ரகத்துக்கும் ஏஎக்ஸ்3000 ரகத்துக்கும் உள்ள பெரிய வித்தியாசம், இரண்டாவதில் உள்ள 160 மெகாஹெர்ட்ஸ் சேனல் அகலம். டிவிகள் பெரும்பாலும் 80ஐத் தாண்டுவதில்லை. ஆகவே படத்துக்காக மட்டும் என்றால் முதல் ரகமே என் தேர்வு. மிச்சப் பணத்தில் கேபிள் இழுத்துவிடுங்கள். 6 கிகாஹெர்ட்ஸ் உள்ள விலையுயர்ந்த பெட்டிகளுக்கு, அதைப் பிடிக்கும் டிவி இல்லாமல் செலவழிக்க வேண்டாம். ஆன்டெனா ஆறா எட்டா என்பதைக் கணக்கில் எடுக்காதீர்கள். மென்பொருள் அப்டேட் இன்னும் வருகிறதா, டபிள்யூபிஏ3 என்ற வைஃபை பாதுகாப்பு முறை இருக்கிறதா, பிற்பாடு மாடிக்கு இன்னொன்று சேர்க்க ஈசிமெஷ் மாதிரி வசதி இருக்கிறதா, இவைதான் முக்கியம்.

பொருத்தும்போது மோடத்தை பிரிட்ஜ் முறைக்கு (மோடம் இணைப்பை அப்படியே கடத்திவிட்டு, மற்ற வேலையை ரூட்டரிடம் விடும் முறை) மாற்றச் சொல்லி நிறுவனத்தைக் கேளுங்கள். பிபிபிஓஇ பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் அதற்கு முன்பே வாங்கி வையுங்கள். மோடத்தில் லேண்ட்லைன் போன் செருகியிருந்தால் மாற்றிய பிறகும் அது வேலை செய்யுமா என்று நிறுவனத்திடம் அப்போதே கேட்டுவிடுங்கள். பிரிட்ஜ் முடியாது என்றால் புது ரூட்டரை ஆக்சஸ் பாயின்ட் முறையில் (வைஃபை மட்டும் தரும்படி) வைத்தாலே போதும், வீடியோவுக்கு எந்தக் குறையும் இல்லை. எப்படியானாலும் பழைய மோடத்தின் வைஃபையை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் டிவி பழைய பெயரையே தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும்.

பிறகு பழைய தாளை எடுத்து, அதே நேரத்தில், அதே மூன்று இடங்களில் மறுபடி அளந்து பழைய எண்களுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். மூன்றாவது எண் ஏறவில்லை என்றால் ரூட்டரைத் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் திருப்பிவிட்டு, மறுபடியும் லேன் கேபிளிலிருந்து தொடங்குங்கள்.